அப்பா போனதில் நிம்மதி வந்தது, அது தப்பா?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனவர், குடித்துவிட்டு வந்தால் எங்களை அடிப்பார். போன வருஷம் வைகாசியில் இறந்தபோது எனக்கு அழுகையே வரவில்லை, அப்பாடா என்றிருந்தது. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் பரணைச் சுத்தம் செய்யும்போது அவருடைய வலை பின்னும் ஊசி கிடைத்தது, தேம்பித் தேம்பி அழுதேன். ஆடி அமாவாசைக்குத் தம்பி ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்கிறான், நீயும் வா என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. நான் கல்நெஞ்சக்காரியா?
- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சகோதரி, கல்நெஞ்சக்காரியாக இருந்தால் அந்த ஊசியைப் பார்த்து இப்படி அழுதிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு வந்த நிம்மதி, இத்தனை வருஷப் பயம் விட்டுப்போன நிம்மதி.

என் அப்பாவும் படகுக்காரர்தான். அவர் கடலில் தங்கும் ராத்திரிகளில்தான் எங்களுக்குச் சோறு இறங்கும், விடியற்காலையில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அம்மா முகம் மாறிவிடும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலத்தில் அவர் வீட்டோடு இருப்பார், கையில் காசிருக்காது, கடன் வாங்கிக் குடிப்பார், அடி விழும். ஆனால் அதே தடைக்காலத்துப் பகலில்தான் வேப்பமரத்தடியில் வலையை விரித்து, அறுந்த கண்ணியை எடுத்துக் கட்ட என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார், "இறுக்காதடா, பக்கத்துக் கண்ணி அளவு பாரு" என்பார். இதில் எது என் அப்பா என்று ரொம்ப வருஷம் குழம்பினேன். ரெண்டும் அவர்தான். அவருக்காக அழுதால் அடித்ததை மன்னித்ததாக ஆகிவிடாது, அடித்ததைச் சொன்னால் நன்றி கெட்டவர் என்றும் ஆகிவிடாது.

செத்தவரைக் குறை சொல்லாதே என்று ஊர் சொல்லும். அம்மாவிடமோ தம்பியிடமோ நடந்ததை நடந்தபடி பேசுங்கள். என் அக்காவிடம் பேசிய பிறகுதான் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியது. தூக்கம் கெட்டு, வேலை ஓடாமல் நாள் கணக்கில் இழுத்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அமாவாசைக்குத் தம்பி கொடுக்கட்டும். இந்த வருஷம் நீங்கள் வரவில்லை என்று அவனிடம் நேராகவே சொல்லிவிடுங்கள், அடுத்த வருஷம் தோன்றினால் போகலாம். அப்புறம் அந்த ஊசி: எறியவும் வேண்டாம், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம், இப்போதைக்குப் பரணிலேயே இருக்கட்டும்.