பொய்ப்பூச்சி கட்டிய தூண்டில் கயிற்றை எறியும் ஃப்ளை காஸ்டிங் போட்டியில் மீனே பிடிக்க மாட்டார்களாமே, அப்புறம் எதற்குப் போட்டி?

ஆமாம், மீனும் கிடையாது, முள்ளும் கிடையாது. எறியும் திறமைக்குத்தான் புள்ளி. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இதற்கென்றே 1930களில் கட்டிய குளங்கள் இருக்கின்றன. துல்லியப் போட்டியில் தண்ணீர்மேல் 30 அங்குல வளையங்கள் மிதக்கும். முள்ளுக்குப் பதில் கயிற்று நுனியில் கட்டிய நூல்குஞ்சம் அதற்குள் விழ வேண்டும்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் தலைகீழ்: தடித்த கயிற்றின் எடைதான் இறகு கனமே உள்ள பொய்ப்பூச்சியைச் சுமக்கிறது. அதனால் பின்வீச்சில் கயிறு முதுகுக்குப் பின்னால் முழுசாக நீளும்வரை பொறுக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்பட்டு முன்னால் இழுப்பார்கள். சாட்டைபோல 'சடார்' என்று கேட்கும், கயிறு காலடியில் குவியும். கைபலத்தை நம்புகிறவர்கள்தான் அதிகம் சொதப்புவார்கள் என்பேன். பயிற்சி முகாம்களில் முதலில் திருத்துவதும் இந்த அவசரத்தைத்தான். அனுபவசாலிகளுக்கும் இந்தத் திருத்தம் தேவைப்படும். முகாமுக்குப் போனால் தொப்பியும் கண்ணாடியும் மறக்காதீர்கள்.