பிச்சையும் இசக்கியும்

அன்புள்ள தம்பிக்கு,

வயதில் மூத்தவள் என்பதால் இப்படி அழைக்கிறேன். உங்கள் பத்தியில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா பற்றி எழுதும்போது ஒரே தெருவில் நான்கு சுடலைமுத்து இருந்ததைச் சொல்லியிருந்தீர்கள். சிரித்தேன். ஆனால் எனக்குப் பெயர் என்றாலே சங்கடம்தான்.

என் பெயர் பிச்சம்மாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்ததும் பின் பெஞ்சிலிருந்து 'அம்மா தாயே' என்று ஒரு குரல் வரும். ஏன் இந்தப் பெயரை வைத்தாய் என்று கேட்டால் அம்மா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது.

இப்போது மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தன் அம்மா பெயரை வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஆசை. மாமியார் பெயரை எழுதக் கை கூசுகிறது: இசக்கியம்மாள். மருமகள் போனில் ஒரு பட்டியலைக் காட்டி, "எல்லாப் பேருக்கும் அர்த்தம் போட்டிருக்கு அத்தை, இசக்கிக்கு மட்டும் ஒண்ணுமே போடலையே" என்கிறாள். இசக்கிக்கு அர்த்தம் உண்டா? மற்ற நாடுகளில் பிச்சை, குப்பை என்றெல்லாம் வைப்பார்களா, நாம்தான் இப்படியா?

பி.,
திருநெல்வேலி டவுன்

அன்புள்ள அக்கா,

என் அப்பா பெயர் பிச்சையா. அதனால் உங்கள் பெயரிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு வலது மூக்கு மடலில் ஒரு துளை உண்டு. தூர்ந்துபோய் கடுகளவு குழியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் கண்ணாடியைச் சாய்த்துவைத்துச் சவரம் செய்யும்போது மூக்கை ஒரு பக்கமாகப் பிடித்துத் தள்ளுவார். சோப்பு நுரைக்கு மேலே அந்தப் புள்ளி கறுப்பாக நிற்கும். என்னதுப்பா என்றால், "ஆச்சிட்ட கேளு."

ஆச்சிக்கு அப்பாவுக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டும் ஒரு வயது காணவில்லை. மூன்றாவது பிறந்ததும் சுளகில் போட்டு உரக்குழிக் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே சொல்லிவைத்தபடி அடுத்த தெருக்காரி ஒருத்தி வந்து, "ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ குப்பையில கெடக்கே" என்று எடுத்துக்கொண்டு போனாள். ஆச்சி பின்னாலேயே போய் ஒரு உழக்குத் தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கிவந்தாள். குறையுள்ள பிள்ளையை எமன் தொடமாட்டான் என்று மூக்கும் குத்தியாயிற்று. ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்த அரிசியில் பொங்கி, பிச்சையா என்று பேரும் விட்டார்கள். அப்பாவுக்குப் பேரன் பிறந்த பிறகும் ஆச்சி அவரைத் "தவிட்டுக்கு வாங்குன பய" என்றுதான் கொஞ்சுவாள்.

நம் பக்கத்து மூக்கையா, மூக்கம்மாள், குப்பன், குப்பம்மாள் எல்லாரும் பெரும்பாலும் இந்தத் தவிட்டு வியாபாரத்தில் வந்தவர்கள்தான். நாம் மட்டுமா என்று கேட்டீர்கள். மங்கோலியாவில் பிள்ளைகள் தங்காத வீட்டில் 'நெர்குய்' என்று வைப்பார்கள். 'பெயரில்லை' என்று அர்த்தம். 'குன்பிஷ்' என்றால் 'மனுசனில்லை'. எமனுடைய ஆள் ஏட்டைப் பிரித்துப் பெயர் கேட்டு வந்தால் பெயரில்லை என்று பதில் வரும், திரும்பிப் போகவேண்டியதுதான். சீனக் கிராமங்களில் 'கௌஷெங்', அதாவது நாய் தின்ன மிச்சம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் சீக்கான பிள்ளைக்கு 'ஆல்ட்டர்' என்று பெயரை மாற்றுவார்கள். கிழவன் என்று பொருள். பிள்ளையைத் தேடி வந்த காலன் கிழவனைக் கண்டு குழம்பவேண்டும்!

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது நைஜீரியாவின் யொரூபா மக்கள் வைக்கும் பெயர்கள். செத்த பிள்ளையே திரும்பத் திரும்பப் பிறந்து அம்மாவை ஏமாற்றிவிட்டுப் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படி வந்த பிள்ளையைக் கெஞ்சித்தான் பெயரே வைப்பார்கள். 'மாலோமோ' என்றால் இனிப் போகாதே. 'பாஞ்சோகோ' என்றால் என்னோடு உட்கார். 'கோகுமோ' என்றால் இனிச் சாகாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அந்தத் தாய் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

இனி பிச்சை என்ற சொல். மத்தேயு, நத்தானியேல், யோனத்தான் மூன்றும் எபிரேயத்தில் கடவுள் கொடுத்தவன் என்ற பொருளில் வருபவை. கிரேக்கத்தில் தியோடர், டோரதி. அரபியில் அதாவுல்லா. சமஸ்கிருதத்தில் தேவதத்தன். இவர்களெல்லாரும் கொடுத்த கையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நம் ஆட்கள் ஏந்தின கையைப் பார்த்து வைத்தார்கள். டோரதியும் பிச்சம்மாளும் ஒரே பெயர்தான் அக்கா. இதைச் சொன்னால் பாளையங்கோட்டை டோரதிகள் ஒத்துக்கொள்வார்களா, தெரியாது. ஆனால் அந்தோணிப்பிச்சை இருக்கிறார், நாகூர் பிச்சை இருக்கிறார், பிச்சையா இருக்கிறார். மூன்று மதத்துக்காரர்களும் சேர்ந்து விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிற சொல் அது. பின் பெஞ்சில் கத்தின பயலின் தாத்தா பெயரை விசாரித்துப் பார்த்திருக்கலாம்.

இசக்கிக்கு அர்த்தம் உண்டு. யக்ஷி என்ற பெண் தெய்வம் தமிழில் இயக்கி ஆனாள், தெற்கே இசக்கி ஆனாள். சிலப்பதிகாரத்தில் மாதரி என்ற இடைச்சி பூங்கண் இயக்கிக்குப் பால்மடை, அதாவது பால் படையல், கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கண்ணகியைப் பார்க்கிறாள். கழுகுமலைச் சமணச் சிற்பங்களிலும் இயக்கியர் இருக்கிறார்கள். நம் ஊர் இசக்கியின் மண் சிலையை நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. அவள் முன்னால்தான் பிள்ளை வேண்டித் தொட்டிலும் கட்டுகிறோம். பிள்ளையைத் தின்கிறவளின் பெயரையே பிள்ளைக்கு விட்டுவிட்டால் அவள் எப்படி வாய் வைப்பாள்? காவலுக்குத்தான் நிற்கவேண்டும். இந்தச் சாமர்த்தியத்தை மருமகள் பார்த்த பட்டியலில் ஒரு வரியில் எப்படிப் போடமுடியும்? (ஈசாக்கும் இசக்கியும் ஒன்று என்று ஒருவர் எனக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இல்லை. ஈசாக்கு எபிரேயம், 'சிரிப்பான்' என்று பொருள். வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்றதும் சாராள் சிரித்ததால் வந்த பெயர். ஓசை ஒத்துப்போனால் சம்பந்தி ஆகிவிட முடியாது.)

அந்தப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பெயரைத் தேடினாலும் அழகி, இளவரசி, ஒளி என்றே வருகிறது. உலகத்தில் பெயர்கள் அப்படி உருவாகவில்லை. கிளாடியா என்ற பெயர் நொண்டி என்ற லத்தீன் சொல்லிலிருந்தும் செசிலியா என்ற பெயர் குருடு என்ற சொல்லிலிருந்தும் வந்தவை. பவுல் என்றால் சிறியவன். அதைத்தான் நம்மவர்கள் சின்னப்பன் என்று அழகாக மொழிபெயர்த்துக்கொண்டார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்கு அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்க் மொழியில் அது 'புது வீடு'. அவர் பெயரைத் தாங்கிய உவரிச் சவரிமுத்துவை யாராவது புதுவீட்டு முத்து என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?

பழைய பெயரெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. போதும்பொண்ணு என்ற பெயரில் எந்தப் பயமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. சலிப்பு மட்டும்தான் இருக்கிறது. சீனாவில் பெண் பிள்ளைக்கு 'ஜாவ்தி' என்று வைத்தார்கள், தம்பியைக் கூட்டிவா என்று பொருள். மகாராஷ்டிரத்தில் 'நகுசா', வேண்டாதவள். சாத்தாரா மாவட்டத்தில் 2011-இல் அந்தப் பெயரோடு இருந்த 285 பெண் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அரசாங்கமே புதுப் பெயர் கொடுத்தது. அதுதான் நியாயம்.

உங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். மருமகள் பெற்றவள். சான்றிதழில் அவள் விருப்பப்படி இருக்கட்டும். உங்கள் மாமியார் பெயர் வீட்டுப் பெயராக இருக்கட்டும். நம் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்தானே? தவிர, இசக்கி என்றே வைத்தாலும் உங்களால் கூப்பிட முடியாது. கடிதத்தில் எழுதவே கை கூசுகிறவர், பேத்தியை 'ஏளா இசக்கி' என்று அதட்டிவிடுவீர்களா? என் அம்மாவுக்கும் இதே கதைதான். எனக்குத் தன் மாமனார் பெயரை வைத்துவிட்டு, கடைசிவரை 'பெரியவனே' என்றுதான் கூப்பிட்டாள்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது. உங்களுக்கு நேர் மூத்தவர்கள் யாரும் இருக்கிறார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. அம்மாவிடம் இனிமேல் உங்கள் பெயரைப் பற்றிக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு முன்னால் எத்தனை பிள்ளை பிறந்தது என்று கேளுங்கள்.

அன்புடன்,
தம்பி