கௌச்சோ பாட்டு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, கௌச்சோன்னா இங்கிலீஷ் படத்துல வர்ற கௌபாய் மாதிரியா?

பதில்: குதிரை, தொப்பி, மாடு வரைக்கும் சரி தம்பி, அதுக்கு மேல ஆளே வேற. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் புல்வெளி வேலியே இல்லாம கிடந்த காலத்துல குதிரையிலயே சுத்திட்டு, காட்டு மாட்ட புடிச்சு தோல வித்து பொழச்சவன். இடுப்புல எப்பவும் கத்தி இருக்கும்.

கேள்வி: நெஜமாவே அவ்ளோ ஃப்ரீயா இருந்தானுங்களா, இல்ல பாட்டுல பில்டப்பா?

பதில்: கேக்க வேண்டிய கேள்வி இதான். 19ஆம் நூற்றாண்டுல பண்ணைக்காரன் குடுத்த வேலைச் சீட்டு கையில இல்லன்னா ஊர்சுத்தின்னு முத்திரை குத்தி எல்லைக் கோட்டைக்கு சிப்பாயா இழுத்துட்டு போயிடுவாங்க, அப்புறம் முள்கம்பி வேலி வந்துச்சு, நிலம் பூரா பெரிய பண்ணைங்க கைக்கு போச்சு, இவன் கூலியாள் ஆயிட்டான். ஹோசே எர்னாண்டஸ் 1872ல எழுதின நீண்ட கவிதை 'மார்ட்டின் ஃபியெரோ'வே அந்த கட்டாய பட்டாளத்துல இருந்து ஓடிப்போனவன் கதைதான். சுதந்திரம் கைய விட்டு போன பிறகுதான் பாட்டுல அது இவ்ளோ பெருசா நிக்குது. இதுல கடுப்பு என்னன்னா, அவன விரட்டுன அதே மேல்தட்டு, ஐரோப்பாவுல இருந்து கப்பல் கப்பலா ஜனங்க வந்து இறங்கினதும், இவன்தான் நம்ம அசல் ஆளுன்னு தூக்கி வச்சு கொண்டாட ஆரம்பிச்சுது.

கேள்வி: சார், பயாடான்னா போட்டிப் பாட்டா?

பதில்: ஆமாங்க. ரெண்டு பேர், ரெண்டு கிட்டார். ஒருத்தர் பாட்டாவே கேள்விய போட, மத்தவர் அந்த நிமிஷமே பாட்டா கட்டி பதில் சொல்லணும், பெரும்பாலும் 10 வரி, வரிக்கு 8 அசை. இதுல பெரிய கை காபினோ எசெய்சா, கறுப்பினத்தவர். அவர் 1884 ஜூலை 23ல உருகுவேக்கார ஹுவான் நாவா கூட மோதுன நாளத்தான் அர்ஜென்டினாவுல பயாடோர் (பயாடா பாடுறவர்) தினமா வச்சிருக்காங்க. கௌச்சோன்னாலே வெள்ளைக்காரன்னு நெனைக்கிறவங்க இத கவனிக்கணும்.

கேள்வி: ஒரே ஒருத்தர கேக்கணும்னா யாரு ப்ரோ?

பதில்: யோசிக்காம அர்ஜென்டினா பாடகர் அட்டாவால்பா யுபான்கி (1908-1992). இடது கையால கிட்டார் வாசிப்பாரு, கத்தவே மாட்டாரு. மாட்டு மந்தை ஓட்டுறவன பத்தி ஒரு பாட்டு இருக்கு, கஷ்டமெல்லாம் நம்மளது, மாடு மட்டும் அடுத்தவனுதுன்னு அர்த்தம் வரும். கம்யூனிஸ்டா இருந்ததால அதிபர் பெரோன் காலத்துல ஜெயிலுக்கும் போனாரு.

கேள்வி: அர்ஜென்டினா ராணுவ ஆட்சி இந்த பாட்டுக்கெல்லாம் ஏன் பயந்துச்சு?

பதில்: பாடகர் ஹோர்ஹே காஃப்ரூனே கதைய கேளுங்க, புரியும். தாடி, தொப்பி, குதிரைன்னு வாழ்ந்த மனுஷன், 1965ல கொஸ்கின் நாட்டுப்புறப் பாட்டு விழா மேடையில பாடகி மெர்சிடிஸ் சோசாவ ஏத்தி விட்டதும் இவருதான். அதே விழாவுல 1978 ஜனவரியில கூட்டம் கேட்டுச்சுன்னு, அனுமதிச்ச லிஸ்ட்ல இல்லாத பாட்ட பாடிட்டாரு. கொஞ்ச நாள்லயே, அர்ஜென்டினா விடுதலைப் போர் தலைவர் சான் மார்ட்டின் பொறந்த யாப்பெயூவுக்கு குதிரையில கிளம்புனாரு, ராத்திரி ரோட்டுல வண்டி மோதி செத்துட்டாரு. விபத்தா, ஆள் வச்சு ஏத்துனாங்களான்னு இன்னிக்கும் அங்க பேச்சு ஓயல.