அறிக்கையில் 'மாற்றம்' என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 38. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. முன்னெச்சரிக்கையாகத்தான் பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை) செய்துகொண்டேன். அறிக்கையில் 'எல்.எஸ்.ஐ.எல்., ஹெச்.பி.வி. பாசிட்டிவ்' என்று இருக்கிறது. கால்போஸ்கோபிக்கு வரச்சொல்லித் தொலைபேசியில் தெரிவித்தவர்கள் வேறு விளக்கம் எதுவும் தரவில்லை. இது புற்றுநோயா? உடலுறவின் மூலம் பரவும் கிருமி என்று படித்ததிலிருந்து கணவரிடம் சொல்லவும் முடியவில்லை, அவரைச் சந்தேகிக்கவும் மனம் வரவில்லை. முதல் பரிசோதனையே மிகவும் வலித்தது. மறுபடியும் போகத்தான் வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (மகளிர் நல மருத்துவர்): அந்த அறிக்கை உங்களுக்குப் புற்றுநோய் என்று சொல்லவில்லை. கருப்பை வாயின் மேற்பரப்புச் செல்களில் லேசான மாற்றம் (எல்.எஸ்.ஐ.எல்.) தெரிகிறது, அதற்குக் காரணமான வைரஸும் (ஹெச்.பி.வி.) இருக்கிறது என்பதே அதன் பொருள். இத்தகைய லேசான மாற்றங்கள் பெரும்பாலும் நோய் எதிர்ப்பாற்றலாலேயே மறைந்துவிடுகின்றன. இதை அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்; சொல்லாமல் உங்களை இரவெல்லாம் விழிக்க வைத்தது தவறு.

ஹெச்.பி.வி. பற்றிய உங்கள் வேதனைதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. பாலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றும் வைரஸ் இது. அநேகருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே நீங்கிவிடும். சிலருக்கோ எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கி, பிறகு ஒருநாள் பரிசோதனையில் வெளிப்படும். ஆகவே, அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. உங்கள் கணவரின் நடத்தைக்கோ உங்கள் நடத்தைக்கோ இந்த அறிக்கை சாட்சி அல்ல. அவரிடம் சொல்வதற்கு முன் இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால், கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி எதற்கு? பாப் ஸ்மியரில் உதிர்ந்த செல்களைத்தான் பார்க்கிறோம்; மாற்றம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அதில் தெரியாது. சிலருக்கு லேசான மாற்றத்துக்குப் பின்னால் தீவிரமான மாற்றமும் இருக்கக்கூடும். நோய் எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ள பெண்களுக்கு இது புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்பதால், கண்டுபிடித்துத் தடுக்க நமக்குப் போதிய அவகாசம் உண்டு.

பரிசோதனையின்போது, பாப் ஸ்மியருக்குச் செய்ததைப் போலவே பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியைப் பொருத்தி, வினிகர் போன்ற அசெட்டிக் அமிலக் கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவுவார்கள். லேசாக எரியலாம். மாறுபட்ட செல்கள் இருக்கும் இடம் ஓரிரு நிமிடங்களில் வெளுத்துத் தெரியும். அதை வெளியே இருக்கும் உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்த்து, தேவைப்பட்டால் அரிசியளவு திசுவைப் பயாப்ஸிக்கு எடுப்பார்கள். அப்போது சுருக்கென்று ஒரு வலியோ, மாதவிலக்கு வலி போன்ற பிடிப்போ வரலாம். பிறகு சில நாட்களுக்குப் பழுப்பு நிறக் கசிவு இருந்தால் அஞ்ச வேண்டாம்.

வலியைப் பொறுத்துக்கொள்வது உங்கள் கடமை அல்ல. "போன முறை மிகவும் வலித்தது" என்று மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். சிறிய அளவு ஸ்பெகுலத்தைக் கேட்கலாம், அதை நீங்களே உள்ளே செலுத்திக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம். "நிறுத்துங்கள்" என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

முடிவு லேசான மாற்றம் என்று வந்தால் சிகிச்சை இல்லாமல் ஓர் ஆண்டு கழித்து மறுபரிசோதனை செய்வதே வழக்கம். தீவிரமான மாற்றம் என்றால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அப்பகுதியை அகற்றுவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பிவிடலாம். இனியும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதற்கிடையே உடலுறவுக்குப் பின்னோ, மாதவிலக்கு அல்லாத நாட்களிலோ இரத்தம் பட்டால், குறித்த தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.