நகையை அடகு வைக்காமல் பி.காம். மகளுக்கு ஒரு லேப்டாப்

கும்பகோணத்தில் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் சேர்ந்திருக்கும் மகளுக்கு ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்து லேப்டாப் கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள், குறுவை அறுத்தால்தான் கையில் காசு, அதுவரை நகையை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம் ஐயா. மகன் பிளஸ் டூவில் வாங்கி, இப்போது பீரோ மேல் கிடக்கும் அரசு மடிக்கணினியை முதலில் கீழே இறக்குங்கள்.

சிவில், மெக்கானிக்கல் சேர்ந்த பிள்ளையாக இருந்தால் பதில் வேறு. வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) இல்லாமல் நகராது. 16 இருந்தால்தான் நிம்மதி. உங்கள் மகளுக்கு வேண்டியது வேர்ட், எக்செல், கணக்கு மென்பொருளான டேலி, கொஞ்சம் சி புரோகிராம், ஆன்லைன் விண்ணப்பங்கள். இதற்கு 4 ஜிபி மெஷின் போதும். ஆனால் இப்போது இருக்கிற கோலத்தில் போதாது.

அது ஆமை வேகத்தில் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பிராசஸர் அல்ல, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு 2.5 அங்குல, 7 மில்லிமீட்டர் தடிமன் சாட்டா இணைப்பு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு), 240 அல்லது 256 ஜிபி, போடுங்கள். மெஷின் தொடங்க ஐந்து நிமிடம் ஆவது அரை நிமிடத்துக்கு வரும். ராம் ஸ்லாட் இன்னொன்று காலியாக இருந்தால் 4 ஜிபி சேர்க்கலாம். வாங்கும் முன் பழைய ராமைக் கழற்றி லேபிளைப் பாருங்கள். ராமில் டிடிஆர்3எல் வகைக்கு 204 பின், டிடிஆர்4 வகைக்கு 260 பின். வெட்டுப் பள்ளம் இருக்கும் இடமும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது, அழுத்தினால் ஸ்லாட் உடையும்.

கழற்றும்போது நடக்கிற தவறுகள் எல்லாம் ஒரே மாதிரி. அடியில் உள்ள ரப்பர் காலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஸ்குருவைக் கவனிக்காமல் மூடியை நெம்புவது. பேட்டரி கனெக்டரைப் பிடுங்காமல் ராமில் கைவைப்பது. நீள ஸ்குருவைக் குட்டை ஸ்குரு இடத்தில் முறுக்கி, மேல்பக்கம் கீபோர்டைத் துளைப்பது. ஒரு தாளில் மெஷினின் படத்தை வரைந்து, ஸ்குரு வந்த இடத்திலேயே செல்லோ டேப்பால் ஒட்டிவைத்தால் கடைசித் தவறு வராது. டச்பேட் மேலெழும்பி இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்த மெஷினை சார்ஜில் போடவே கூடாது. இந்த வேலைக்குக் கடையில் கொடுத்தாலும் மகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆண்பிள்ளை வேலை என்று ஒன்றும் இதில் இல்லை.

அடுத்தது மென்பொருள். டேலி விண்டோஸில்தான் ஓடும். ஆனால் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. பழைய மெஷின்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும் மெஷின்களின் பட்டியலில் இல்லை. அதனால் இரண்டையும் வையுங்கள்: எஸ்எஸ்டியில் 100 ஜிபி விண்டோஸ் 10, மீதியில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளம். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். வரிசை மாறினால், மெஷின் தொடங்கும்போது விண்டோஸ் முந்திக்கொண்டு லினக்ஸைக் காட்டாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி நிறுத்தப்பட வேண்டும். இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்தப் பக்கத்து ஃபைல்களில் எழுத முடியாது. இன்ஸ்டால் செய்ய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். இன்ஸ்டால் ஆனதும் வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டாம்: போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போன் இன்டர்நெட்டைப் பகிர்வது) போட்டு, வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம்.

விண்டோஸ் பக்கம் டேலிக்கும் எக்செலுக்கும் மட்டும். வங்கி, மெயில், கல்லூரிக் கட்டணம் எல்லாம் லினக்ஸில். டேலிக்கு உரிமம் வாங்க வேண்டாம், திருட்டுப் பிரதியும் வேண்டாம்; எஜுகேஷனல் மோடு இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும், அவ்வளவுதான். பயிற்சிக் கணக்கை அந்தத் தேதிகளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எக்செலில் கன்ட்ரோல், எஃப்1 சேர்த்து அழுத்தினால் மேலே உள்ள ரிப்பன் பட்டை மடங்கி, 1366க்கு 768 திரையில் கூடுதல் வரிசைகள் தெரியும். லினக்ஸில் ஒரு விண்டோவின் 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டால், ஆல்ட்டைப் பிடித்தபடி மவுஸால் மேலே இழுக்கலாம். தமிழ்99 விசைப்பலகையை முதல் வாரத்திலேயே போட்டுப் பழகட்டும்.

பழையது உயிர் பிழைக்காது என்று தெரிந்தால் மட்டும் செகண்ட் ஹேண்ட். அங்கே பளபளவென்று 11.6 அங்குலத்தில், ஒரு கிலோ எடையில், மலிவாக ஒன்று காட்டுவார்கள். பஸ்ஸில் நின்று போகிற பிள்ளைக்கு எடை நல்லதுதான். ஆனால் 'இஎம்எம்சி 64 ஜிபி' என்றிருந்தால் விட்டுவிடுங்கள். அந்தச் சேமிப்பு போர்டிலேயே பற்றவைத்தது, பெரும்பாலும் ராமும் அப்படியே. ஓர் அப்டேட் வந்தாலே இடம் நிரம்பும், மாற்றவும் வழியில்லை. எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்றால் அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் மெஷின் தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் டிஸ்க் தெரியாமல் போகலாம். மூடியில் தமிழக அரசு முத்திரை உள்ளதைக் கடையில் விலைக்கு வாங்காதீர்கள்.

நம் ஊர்ப்பக்கத்து மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. சார்ஜரின் மேல் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும். வோல்டேஜ் குறைகிறதென்று ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். கெடுதல் வருவது கரண்ட் போய்த் திரும்பும் நொடியில். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கைக் கையோடு பிடுங்கிவிட வேண்டும். சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உடம்பைத் தொட்டால் ஜிவ்வென்று இழுத்தால் வீட்டு எர்த் சரியில்லாமல் இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். களத்துத் தூசும் வைக்கோல் தூளும் ஃபேனில் அடைக்கும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யக் கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் ஸ்கேன்கள் லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு பென்டிரைவிலும், அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் இருக்கட்டும்.

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மகளின் கல்லூரிக்கு, அவள் ஆண்டுக்கு உண்டா என்று அலுவலகத்தில் ஒரு முறை நேரில் கேட்டு வாருங்கள். பழையதும் தேறாமல், இதுவும் இல்லையென்றால் தை அறுவடை முடியட்டும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, காலி ராம் ஸ்லாட் ஒன்று: இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.