நாய், பூனை வளர்க்கிற வீட்டு உடுப்புகள்: கேள்வி பதில்

தலவாக்கலை: மெஷின்ல போட்டு எடுத்தாலும் கறுப்புக் கால்சட்டையில நாய் முடி அப்படியே இருக்கு அக்கா. ரெண்டாந்தரம் போட்டா இன்னும் மோசம். சவர்க்காரத் தூள மாத்தணுமா?

பதில்: தூள்ல பிழையில்ல தம்பி. முடியோடயே உடுப்ப நனைச்சதுதான் பிழை. முடியோட மேல்பக்கம் செதில் செதிலா, நுனியப் பார்த்துச் சாஞ்சிருக்கும். துணியில உரசும்போது வேர்ப்பக்கமாத்தான் நகரும், பின்னால வராது. மெஷின் சுத்தச் சுத்த நெசவுக்குள்ள இறங்கிக்கிட்டே போகும். ரெண்டாந்தரம் மோசமானது அதனாலதான்.

முடிய எடுக்கிற வேலை தண்ணி படுறதுக்கு முன்னாடி நடக்கணும். நல்லாக் காய்ஞ்ச உடுப்ப வெளிய கொண்டுபோய் உதறுங்க. மேசையில விரிச்சு, பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறையப் போட்டு, அத லேசா நனைச்சு உதறிட்டு, மேலயிருந்து கீழ ஒரே பக்கமா அழுத்தித் தடவுங்க. கையுறை ஈரமா இருந்தாப் போதும், சொட்டக்கூடாது. முன்னும் பின்னும் தேய்ச்சா வந்த முடி திரும்ப உள்ள போயிடும். ஒரு பக்கமாத் தடவினா சுருண்டு விளிம்புக்கு வரும், கையால எடுத்திடலாம். பொக்கெட் ஓரம், இடுப்புப் பட்டி, கால் மடிப்பு, இந்த மூணையும்தான் எல்லாரும் விட்டுடுவாங்க.

பிறகு மெஷின். பாதிக்குக் கொஞ்சம் மேல போடுங்க, நிரப்பாதீங்க. உடுப்பு புரள இடமில்லாட்டி முடி கழன்றாலும் போக வழியில்ல. மேல்மூடி மெஷின்னா தண்ணி மட்டத்தக் கூட்டி வைங்க, முன்கதவுன்னா ஒரு அலசல் கூடப் போடுங்க. தூள் அளவுக்கு மேல வேணாம். அலசுப்படாம நிக்கிற தூள் பிசுபிசுத்து முடியப் பிடிச்சு வச்சுக்கும்.

மஸ்கெலியா: எங்க லயத்துல மெஷின் இல்ல. பீலித் தண்ணியிலதான் துவைக்கிறோம். கல்லுல அடிச்சா முடி போகுமா?

பதில்: அழுக்குப் போகும், முடி போகாது. சவர்க்காரம் போடுறதுக்கு முன்னாடி அகலமான பேசினை நிரப்பி, உடுப்ப உள்ள போட்டு அமுக்கி அமுக்கி ஆட்டுங்க. கழன்ற முடி மேல மிதக்கும். அப்பவே உடுப்ப மேல தூக்கிடாதீங்க, மிதக்கிற முடியெல்லாம் வடிதட்டுல தேயிலத் தூள் நிக்கிற மாதிரி துணியில வந்து நிக்கும். பேசினைச் சரிச்சு மேல்தண்ணிய ஊத்திட்டு, பிறகு எடுங்க. ரெண்டு தண்ணி இப்படி மாத்தினாப் போதும். ஊத்துற இடத்துல பழைய நுளம்பு வலைத்துண்டு ஒண்ண வைங்க, கான் அடைக்காது.

ஹட்டன்: மே மாசம் மழை தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் குசினியிலதான் காயப்போடுறோம். கழுவும்போது இல்லாத முடி காயும்போது வந்து ஒட்டுது.

பதில்: ஈரத் துணி பறக்கிற முடியெல்லாம் பிடிக்கும். நாய்க்கும் பூனைக்கும் அடுப்படிதான் கதகதப்பு, உங்க கொடியும் அதுக்கு மேலதான். கொடியில போடுறதுக்கு முன்னாடி தரைய ஈரத்துணியால துடைங்க. காய்ற நேரத்துல விளக்குமாத்தால கூட்டாதீங்க, கூட்டினா முடி கிளம்பும். நாய் இஸ்தோப்புல படுக்கட்டும், ஒரு சாக்கு போட்டுக் குடுங்க. அரை ஈரத்துல மடிச்சு வைக்கவும் வேணாம். முழுசாக் காய்ஞ்ச பிறகு உதறினாத்தான் மிச்ச முடி விழும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை ஒக்டோபருக்குப் பிறகுதான் கூட.

நுவரெலியா: ஜனவரி, பெப்ரவரியில பொலியெஸ்டர் ஜாக்கெட்ட உதறினாலும் பூனை முடி திரும்ப வந்து ஒட்டுது. சடசடன்னு சத்தம் வேற.

பதில்: அது நிலைமின். காத்து காய்ஞ்சு குளிரா இருக்கிற நாள்ல செயற்கை நூல் துணி உரசினா மின் ஏறும், முடிய இழுக்கும். தண்ணிய ஸ்பிரே போத்தல்ல எடுத்து லேசாத் தெளிச்சிட்டுத் துடைங்க, உடனே விடும். கடைசி அலசல்ல துணி மென்மையாக்கி போட்டாலும் குறையும். துவாய்க்கு மட்டும் அது வேணாம், தண்ணி உறிஞ்சாது. வினாகிரின்னா 10 லீற்றர் வாளிக்கு ரெண்டு மேசைக்கரண்டி, நிறமில்லாததாப் பார்த்து. மெஷின்ல ஒவ்வொரு முறையும் ஊத்தினா ரப்பர் கெடும். ப்ளீச்சோட மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீங்க, குளோரின் வாயு வரும்.

கொட்டகலை: பிள்ளையோட வெள்ளை யூனிபோர்ம்ல கறுப்பு நாய் முடி. காலையில ஸ்கூல் பஸ் வர்ற நேரத்துலதான் கண்ணுல படுது.

பதில்: டேப்ப ஒட்டுற பக்கம் வெளிய இருக்க உள்ளங்கையில சுத்தி, ஒத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. இத அயர்ன் பண்றதுக்கு முன்னாடி செய்யணும். சூட்டோட அழுத்தினா முடி துணியில படிஞ்சிடும், டேப் பசை மிச்சம் இருந்தா அதுவும் உருகி ஒட்டும். அயர்ன் பண்ணினத பழைய பெட்ஷீட்டால மூடி மாட்டுங்க. கதிரையில போட்டா பூனைக்குத்தான் அது மெத்தை.

அதே ஆள்: ஸ்கூல் ஸ்வெட்டருக்கும் இதே முறையா?

பதில்: இல்ல. கம்பளி நூல்ல டேப் போட்டா நூலும் சேர்ந்து கிளம்பும், கையுறையால அழுத்தினா பந்து பந்தாத் திரளும். மென்மையான உடுப்புப் பிரஷ்ஷால ஒரே பக்கமா. குளிர் தண்ணியில அமுக்கித் துவைச்சு, முறுக்காம துவாய்ல சுருட்டிப் பிழிஞ்சு, தட்டையாக் காயப்போடுங்க.

கம்பளை: முன்கதவு மெஷின்ல தண்ணி இறங்காம நிக்குது, நாத்தமும் வருது.

பதில்: அநேகமா கீழ மூலையில இருக்கிற வடிகட்டியில முடி அடைச்சிருக்கும். பிளக்கக் கழட்டி, தண்ணி சூடா இருந்தா ஆற விட்டு, தட்டம் வச்சு மூடிய மெதுவாத் திருகுங்க. ஒரேயடியாத் திறந்தா தரையெல்லாம் குளம். முடிய எடுத்து அலசி, மூடிய இறுக்கிப் பூட்டுங்க. மிருகம் இருக்கிற வீட்டுல ரெண்டு கிழமைக்கு ஒருதரம் பாருங்க. கதவு ரப்பர் மடிப்பையும் துடைங்க, நாத்தம் பெரும்பாலும் அங்கதான்.

ஹப்புத்தளை: ஜேர்மன் ஷெப்பர்ட். முடிய மொட்டையா வெட்டிடலாமா?

பதில்: வேணாம். அதுக்கு ரெண்டு அடுக்கு முடி, அந்த மலைக் குளிருக்கு அதுதான் கம்பளி. வெட்டினாலும் கொட்டுறது நிக்காது, குட்டை முடியாக் கொட்டும், துணியில குத்தி நிக்கும். கிழமைக்கு ரெண்டு மூணு தரம் வெளிய வச்சு வாருங்க, கொடிக்குக் காத்து வீசாத பக்கமா.

கண்டி: மகளுக்குப் பூனை ஒவ்வாமை. முடிய ஒட்டி எடுத்தாப் போதுமா?

பதில்: போதாது. ஒவ்வாமை தர்றது பூனையோட எச்சில்லயும் தோல் சுரப்பியிலயும் இருக்கிற புரதம். முடி இல்லாத துணியிலயும் அது இருக்கும், துவைச்சுத்தான் ஆகணும். மூச்சு இழுக்குதுன்னா டொக்டர்கிட்ட காட்டுங்க.

ராகலை: மொத்தக் கம்பளிய மழைக்காலத்துல துவைக்கவே முடியல. நாய் அதுலதான் படுக்குது.

பதில்: மேல ஒரு நெருக்கமான பருத்தி பெட்ஷீட்டப் போட்டு நாலு மூலையையும் உள்ள மடிச்சு விடுங்க. ஷீட்ட மட்டும் கிழமைக்கு ஒருதரம் துவைச்சாப் போதும். கம்பளிய வெயில் வர்ற அன்னைக்குக் கொடியில போட்டுக் கம்பால தட்டுங்க.