வாசகர் கேள்வி – பதில்: ஒரு முதலாளிக்கு எத்தனை வானொலி?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: காலையில் காலி வீதி பஸ்ஸில் ஒரு நாள் தமிழ் வானொலி, மறுநாள் சிங்கள வானொலி ஒலிக்கிறது. மொழிதான் மாறுகிறது, செய்தியின் வரிசையும் விளம்பரமும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கின்றன. இவை ஒரே நிறுவனத்தினுடையவையா? ஒருவர் எத்தனை வானொலி வைத்திருக்கலாம் என்று நமது இலங்கையில் சட்டம் இல்லையா?

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சக்தி, சிரச, யெஸ், வை, லெஜண்ட்ஸ் ஆகியவை மகாராஜா குழுமத்தின் எம்பிசி நிறுவனத்தைச் சேர்ந்தவை. சூரியன், ஹிரு, சன், கோல்ட், ஷா ஆகியவை ஏபிசி நிறுவனத்தைச் சேர்ந்தவை. அலைவரிசை முள்ளைத் திருப்பிக்கொண்டு போகையில் பத்துப் பெயர்கள் கேட்டாலும், வாசற்கதவுகள் இரண்டுதான். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த தையற்கடை ஒன்றும் அதை ஒட்டிய பாமசி ஒன்றும் இருக்கின்றன. தையற்காரர் தமிழிலும் பாமசிக்காரர் சிங்களத்திலும் வானொலி கேட்பார்கள். ஒரே வங்கியின் விளம்பரப் பாட்டு முதலில் இந்தக் கடையிலும், இரண்டு நிமிடம் கழித்து அந்தக் கடையிலும் ஒலிப்பதை, காற்சட்டை சுருக்கக் காத்திருந்த ஒரு மாலையில் நானே கேட்டிருக்கிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தனியார் ஒலிபரப்புக்கான அனுமதிப்பத்திரம் இன்றும் 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ்த்தான் வழங்கப்படுகிறது. வழங்குபவர் பொறுப்பான அமைச்சர். அலைவரிசையை ஒதுக்குவது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. ஒருவர் இத்தனை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று இவற்றில் எதுவும் ஓர் எண்ணைச் சொல்வதில்லை. அரச வானொலியைத் தவிர வேறொன்றும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டத்துக்கு அப்படியோர் எண் தேவைப்படவுமில்லை. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியதிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இந்த நாட்டு வானொலிக்கு ஒரே முதலாளி அரசாங்கம்தான் என்பதை, தனியாரை மட்டும் குறைகூறுவோர் மறந்துவிடுகிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன், அங்கே இதற்குக் கடுமையான உச்சவரம்பு இருப்பதாகச் சொல்கிறான். அவன் சொல்வது உண்மையா?

பாதி உண்மை. 1953 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நாடு முழுவதிலும் ஏழு ஏஎம் நிலையங்கள், ஏழு எப்எம் நிலையங்கள் என்பதே ஒருவருக்கான எல்லையாக இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அந்த ஏழு பன்னிரண்டாயிற்று. 1992 இல் பதினெட்டும், 1994 இல் இருபதும் ஆயிற்று. பின்னர் 1996 பெப்ரவரியில் ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம், நாடளாவிய உச்சவரம்பை முற்றாக நீக்கியது. ஒரு நகருக்குரிய வரம்பு மட்டும் படிமுறையாக மிஞ்சியது: 45 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ள சந்தையில் ஒருவர் எட்டு வரை வைத்திருக்கலாம், அவற்றில் ஐந்துக்கு மேல் ஒரே வகையாக, அதாவது எல்லாம் ஏஎம் ஆகவோ எல்லாம் எப்எம் ஆகவோ, இருக்கக் கூடாது, சந்தை சிறுத்துக்கொண்டு போக இந்த எண்ணும் ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கும்.

அணை திறந்ததும் என்ன நடந்தது என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் சன் அன்டோனியோவில் 1972 இல் தொடங்கிய கிளியர் சனல் நிறுவனம் ஒன்றே போதும். 1996 இல் ஏறத்தாழ நாற்பது நிலையங்களை வைத்திருந்த அந்த நிறுவனம், சில ஆண்டுகளுக்குள் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு உரிமையாளராயிற்று. இத்தனை நிலையங்களுக்கும் ஆள் வைத்துக் கட்டுப்படியாகுமா? ஓர் ஊரிலிருந்து ஒருவர் பேசிப் பதிவுசெய்து அனுப்ப, அது வேறு பல ஊர்களில் அந்தந்த ஊர்க்காரர் பேசுவதுபோல் ஒலிக்கும் முறை பரவியது. அறிவிப்பாளர்கள் வேலையிழந்தார்கள்.

2002 ஜனவரி 18 ஆம் திகதி அதிகாலையில் வட டக்கோட்டாவின் மைனொட் நகருக்கு அருகே சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டு அமோனியா வாயு கசிந்தது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். அந்த நகரின் ஆறு வர்த்தக வானொலிகளும் கிளியர் சனலுக்கே உரியவையாக இருந்தன. மக்களை எச்சரிக்கச் சொல்லிப் பொலிஸார் தொலைபேசியில் அழைத்தபோது வானொலியில் எவரும் எடுக்கவில்லை என்ற செய்தி நாடெங்கும் பரவி, நிறுவனக் குவிப்புக்கு எதிரான வாதத்தின் அடையாளமாகிவிட்டது. நிலையத்தில் ஆள் இருந்ததாகவும், தொலைபேசி இணைப்புகள் நெரிசலில் அடைபட்டதாகவும், அவசர அறிவிப்புக் கருவியைப் பொலிஸார் பயன்படுத்தவில்லை என்றும் நிறுவனம் மறுத்தது. இரு தரப்பில் எதை நம்பினாலும், ஆறு தனித்தனி முதலாளிகள் இருந்திருந்தால் அழைத்துப் பார்க்க ஆறு வாசல்கள் இருந்திருக்கும் என்பதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

வாங்கிக் குவித்தவர்களுக்கும் அது நன்மையாக முடியவில்லை. 2008 இல் தனியார் முதலீட்டாளர்கள் கடன் பெற்று அந்த நிறுவனத்தை வாங்கினார்கள். 2014 இல் அதன் பெயர் ஐஹார்ட்மீடியா என்று மாறியது. 2018 மார்ச்சில், 2,000 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனுடன், அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்று, அடுத்த ஆண்டில்தான் மீண்டு வந்தது. அது நீதிமன்றம் செல்வதற்குச் சில மாதங்கள் முன்னதாகக் கியூமுலஸ் என்ற மற்றொரு பெரிய நிறுவனமும் அதே படியேறியது. இதற்கிடையில் ஒரே நகரில் பத்திரிகையும் ஒலிபரப்பு நிலையமும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்ற 1975 ஆம் ஆண்டின் தடையையும் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு 2017 இல் நீக்கியது; 2021 ஏப்ரலில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்கள் மகன் நகர வரம்பை நினைத்துச் சொல்லியிருந்தால் சரி. நாடு முழுவதுக்குமான வரம்பை நினைத்திருந்தால் அவரது தகவல் கால்நூற்றாண்டுக்கு மேல் பழையது.

தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்: பெரிய நிறுவனம் இல்லாவிட்டால் தமிழ் எப்எம் வானொலி நமக்குக் கிடைத்திருக்குமா? எண்ணிக்கைக்கு வரம்பு போட்டால் முதலில் மூடப்படுவது தமிழ் வானொலியாகத்தானே இருக்கும்?

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. 1998 இல் சக்தியும் சூரியனும் தொடங்கியபோது, நாட்டில் போர் நடந்துகொண்டிருந்தது. தமிழ் விளம்பரச் சந்தை சிறியது. தமிழை மட்டும் நம்பி ஒரு தனிக் கம்பனி ஒலிபரப்புக் கோபுரமும் கலையகமும் அமைத்திருக்குமா என்பது சந்தேகமே. சிங்கள நிலையத்தின் தோளில் ஏறித்தான் தமிழ் நிலையம் நடந்தது என்பது என் கணிப்பு. பொருளாதார அறிஞரும் இதே போன்ற ஒன்றைச் சொல்வதுண்டு: ஐந்து நிலையங்கள் ஐந்து முதலாளிகளிடம் இருந்தால் ஐவரும் பெரும்பான்மையினரின் ரசனையையே துரத்துவார்கள்; ஒருவரிடமே இருந்தால் அவர் தமக்குத் தாமே போட்டியிட விரும்பாமல் ஐந்தையும் ஐந்து வகை நேயருக்குப் பிரித்துக்கொடுப்பார். பாட்டைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. செய்தியைப் பொறுத்தவரை உண்மையில்லை, ஏனெனில் ஐந்து வகைப் பாட்டுக்கு ஐந்து அறிவிப்பாளர் வேண்டும். செய்திக்கு ஒரே ஆசிரியபீடம் போதும்.

குவிப்பின் இன்னோர் ஆபத்தை நமது நாடுதான் நன்றாகக் காட்டியது. 2007 ஒக்டோபரில், ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் தாக்குதல் நடந்ததாக ஏபிசி வெளியிட்ட செய்தி பொய்யானது என்று கூறி அரசாங்கம் அந்த நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தபோது, சூரியனும் ஹிருவும் மட்டுமல்லாமல், பழைய ஆங்கிலப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த கோல்ட் உட்பட ஐந்து நிலையங்களும் ஒரே உத்தரவில் வாயடைத்துப் போயின. பின்னர் அவை மீண்டும் ஒலித்தன என்பது வேறு விடயம். ஐந்து பேர் வைத்திருந்தால் ஐந்து உத்தரவு தேவைப்பட்டிருக்கும். ஐந்து பேரும் நீதிமன்றம் போயிருப்பார்கள்.

ஆகவே, வரம்பு வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் மொத்த எண்ணிக்கைக்கு அல்ல, ஒரே மொழியில் ஒருவர் வைத்திருக்கும் நிலையங்களின் எண்ணிக்கைக்கு. அப்படிச் செய்தால் நீங்கள் அஞ்சுவதுபோல் தமிழ் நிலையம் முதலில் பலியாகாது.

மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி: கொழும்புச் சூரியனும் சென்னைச் சூரியனும் ஒரே கம்பனியா?

இல்லை. கொழும்பில் உள்ளது ஏபிசியின் நிலையம். சென்னையில் உள்ளது சன் குழுமத்தினுடையது. நம்முடையது மூத்தது. இந்தியாவில் ஒரு நிறுவனம் நாட்டின் மொத்தத் தனியார் எப்எம் அலைவரிசைகளில் 15 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்து, 2022 இல் கைவிடப்பட்டது. ஒரு நகரின் அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒருவரிடம் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆனால் அங்கே தனியார் எப்எம் சொந்தச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. நமது நிலையங்கள் தாமே செய்தி திரட்டி வாசிக்கின்றன. உடைமை யாரிடம் என்பது அவர்களைவிட நமக்கே கூடுதலாக உறுத்த வேண்டிய கேள்வி.

ஆமர் வீதியிலிருந்து ஒரு வாசகர்: எல்லாம் சரி, வானொலி கேட்பவனுக்கு இதில் என்ன உரிமை இருக்கிறது?

நீதிமன்றத்தின் கணக்கில் உரிமை இருக்கிறது. அரச வானொலியில் நேயர்கள் பங்குகொண்ட முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று 1995 இல் திடீரென்று நிறுத்தப்பட்டபோது, அதில் தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டுவந்த நேயர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென்று 1996 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடம், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த அதே நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் நன்மைக்காகப் பயன்படுத்தப்பட வேண்டியவை, அரசாங்கம் அவற்றின் நம்பிக்கைப் பொறுப்பாளர் மட்டுமே என்று கூறி, அமைச்சரின் கைக்குள் அடங்கிய அதிகாரசபை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. சட்டமூலம் விழுந்தது, பழைய சட்டமும் அமைச்சரின் கையும் அப்படியே இருந்தன. வெற்றி பெற்ற வழக்கினால் பழைய குறையே நீடித்த விசித்திரம் இது.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஊடக அமைச்சின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதி, எந்த அனுமதிப்பத்திரம் எந்தக் கம்பனியின் பெயரில் எப்போது வழங்கப்பட்டது, பின்னர் எவருக்காவது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். கம்பனியின் பெயர் கிடைத்தவுடன் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி அதன் பணிப்பாளர் விபரத்தைப் பெறலாம். கிடைத்ததை இந்தப் பகுதிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வெள்ளவத்தை வாசகிக்கு நான் சொன்ன பத்துப் பெயர்களோடு ஒப்பிட்டு, அடுத்த இதழ்களில் ஒன்றில் எழுதுகிறேன்.